நூறு ரூபாய்க்கு மேல் எரிந்தால்

கறுப்புக் கோட்டு போடாத வக்கீல்கள் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. பயப்படாதீர்கள், கடிக்காது. ஃபீஸும் கேட்காது. நீங்கள் கேள்வி கேட்காவிட்டாலும் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

உங்கள் சைக்கிளைக் காணோம் என்று தெருவில் பதறிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘ஐயோ’ என்பார், ஒருவர் ‘எங்கே நிறுத்தினே, பூட்டினியா?’ என்பார், இன்னொருவர் முனை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுக்கூட வருவார். இந்த இனத்தவர் மட்டும் நிதானமாக வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்து, “முன்னூத்தி எழுபத்தொம்பது” என்பார். அந்தச் சட்டப் பிரிவின் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடும் என்பது அவர் நம்பிக்கை. திரும்புமா? திரும்பாது. ஆனால் திருடனுக்கு மூன்று வருஷம் என்று கேட்டதும் உங்களுக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதை மறுக்க முடியுமா?

இனம் என்று சொன்னேனே தவிர, நான் வேலிக்கு வெளியே நின்று சொல்லவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

பெங்களூரில் அடுகோடி என்ற பேட்டையில் இந்த இனத்துக்கு அந்த நாளில் தலைவர் அனந்தபத்மநாபன். வேலூர்க்காரர். பொம்மசந்திராவில் ஒரு பேனல் போர்டு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஒருமுறை அந்தத் தொழிற்சாலையில் செம்புக் கம்பி திருட்டுப் போய், சாட்சி சொல்ல இவரைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். கேஸ் ஒத்திவைத்து ஒத்திவைத்து ஒரு வருஷம் ஓடியது. அந்த ஒரு வருஷத்தில் கோர்ட்டு வராந்தாவில் அவர் குடித்த டீயும் கேட்ட பேச்சும்தான் அவருடைய சட்டக் கல்லூரி. கேஸ் தள்ளுபடியானது. அவர் பாஸாகிவிட்டார். திரும்பும் வழியில் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில், அட்டை கழன்ற தண்டனைச் சட்டப் புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

அன்று முதல் அவர் கண்ணில் மனிதர்கள் மறைந்து செக்ஷன்கள் தெரிய ஆரம்பித்தன. வாசலில் தொங்கவிட்ட பையிலிருந்து பால் பாக்கெட் காணாமல் போனபோது அவர் மனைவி சொர்ணம் காபிக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டாள். அவரோ, “பை கேட்டுக்கு வெளியில இருந்துதா, உள்ள இருந்துதா?” என்று விசாரித்தார். வெளியில் என்றால் சாதாரணத் திருட்டு, மூன்று வருஷம். உள்ளே என்றால் குடியிருக்கும் வீட்டில் திருட்டு, ஏழு வருஷம். அன்று சாயங்காலமே ஆணியைப் பிடுங்கிக் கேட்டுக்கு உள்பக்கம் அடித்துப் பையை அதில் மாட்டினார். பால் பத்திரமாக இருப்பதற்காக அல்ல. அடுத்த திருடனுக்கு நாலு வருஷம் கூடட்டும் என்பதற்காக.

“ரிட்டன்ல குடுத்தீங்களா?” என்பது அவர் மந்திரம். “சட்டம் என்ன சொல்லுதுன்னா” என்பது அவர் பிள்ளையார் சுழி. தெருவில் யாரும் அவரிடம் சண்டைக்குப் போகமாட்டார்கள். தோற்றுப்போவோம் என்ற பயத்தால் இல்லை, சண்டை முடியவே முடியாது என்ற பயத்தால்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, தொண்ணூற்றேழாம் வருஷம் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையிலேயே பெரிய கேஸ் கிடைத்தது.

அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி முனிராஜின் பட்டறை. ஆட்டோக்களுக்கும் வேன்களுக்கும் சீட்டு தைத்துக் கொடுப்பவர் முனிராஜ். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், கோபம் வந்தால் நடுவில் கொஞ்சம் உருது. முன்னால் தையல் மிஷின் இருக்கும் அறை, பின்னால் தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் தேங்காய் நார்க் கட்டு, ஃபோம், ரெக்ஸின் சுருள் எல்லாம் இருக்கும். தகரம் போதாத இடத்தில் தார்ப்பாய்.

அன்று காலை அனந்தபத்மநாபனும் சொர்ணமும் மடிவாளா மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், தெருவெல்லாம் புகை. ஃபோம் எரிந்த நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அக்கம்பக்கத்தார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்துவிட்டிருந்தார்கள். கொட்டகைத் தகரம் கறுத்து வளைந்து கிடந்தது. முனிராஜ் முழங்கால் வரைக்கும் கரியோடு நின்று, டெலிவரிக்குத் தயாராக வைத்திருந்த ஆட்டோ சீட்டு ஒன்றின் இரும்புச் சட்டத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அனந்தபத்மநாபன் காய்கறிப் பையைச் சொர்ணத்திடம் கொடுத்தார். இந்த இனத்தின் இலக்கணம் அது. மற்றவர்கள் வாளியைத் தேடுவார்கள். இவர் நாற்காலியைத் தேடினார்.

“யாரும் எதையும் தொடாதீங்க. முனிராஜ், எவ்வளவு நஷ்டம்?”

“இன்னா சார் சொல்றது. நார் பூரா போச்சு. ரெக்ஸின் ஒரு சுருள். ஃபோம். ஒரு நாலாயிரம் ரூபா இருக்கும் சார்.”

“நாலாயிரம்!” அனந்தபத்மநாபனுக்குக் குரல் தழுதழுத்தது. “சட்டத்துல நூறு ரூபாதான் முனிராஜ்! நூறே நூறு!”

முனிராஜுக்குப் புரியவில்லை. சட்டத்தில் நஷ்ட ஈடு நூறு ரூபாய்தான் தருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து முகம் இன்னும் கறுத்தது. அனந்தபத்மநாபன் விளக்கினார்.

“அடுத்தவன் பொருளை வேணும்னு நாசம் பண்ணினா மூணு மாசம். அம்பது ரூபாய்க்கு மேல நாசம்னா ரெண்டு வருஷம். அதையே தீ வெச்சுப் பண்ணி, நூறு ரூபாய்க்கு மேல போச்சுன்னா, நானூத்தி முப்பத்தஞ்சு. ஏழு வருஷம்! அதுவே வீடு, கோயில், சரக்கு பத்திரப்படுத்துற கட்டடம்னு வந்துட்டா, நானூத்தி முப்பத்தாறு. அதுக்கு ரூபாய்க் கணக்கே கிடையாது. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.”

நூறு ரூபாய் என்று எந்தக் காலத்தில் எழுதினார்கள்? வெள்ளைக்காரன் ராணியின் பெயரால் ஆண்ட காலத்தில். அப்போது நூறு ரூபாய் இருந்தால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடும். தொண்ணூற்றேழில் அதே நூறு ரூபாய்க்குக் குடும்பத்தோடு மெஜஸ்டிக்குக்கு ஆட்டோவில் போய், ஆளுக்கொரு மசால் தோசை சாப்பிட்டால், திரும்பி வர பஸ்தான். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் ஒரு நல்ல லுங்கியைக் கொளுத்தினாலே ஏழு வருஷத்துக்குத் தகுதி பெற்றுவிடலாம். இதெல்லாம் நமக்கு விசித்திரமாக இருக்கிறது. அனந்தபத்மநாபனுக்கு அது அழகாக இருந்தது.

“கொட்டகை இருக்கே, அது கட்டடம்தானே?” என்றார்.

“தகரம் சார். மேல தார்ப்பாய்.”

“சரக்கு வெச்சிருக்கீங்க, பூட்டு போடறீங்க. அப்ப கட்டடம். முப்பத்தாறு வந்தே தீரும். நாலாயிரம்னு போடாதீங்க, பன்னெண்டாயிரம்னு போடுங்க. கோர்ட்டுல எப்படியும் குறைப்பான்.”

“சார், எனக்கு யாருக்கும் ஆயுள் தண்டனை வேணாம் சார். ஒரு சுருள் ரெக்ஸின் கெடைச்சா நாளைக்குப் பொழப்பு ஓடும்.”

“அது சிவில்” என்று அனந்தபத்மநாபன் ஒரே சொல்லில் அந்தப் பேச்சை முடித்தார்.

இப்போது வழக்கில் எல்லாம் இருந்தது. செக்ஷன் இருந்தது, தொகை இருந்தது. குற்றவாளி ஒருத்தன்தான் பாக்கி. தீ வைத்தவன் என்று யாராவது இருந்தால்தானே ஆயுள் தண்டனையை எங்கேயாவது இறக்கி வைக்க முடியும்? “உங்களுக்கு விரோதி யாரு?” என்று கேட்டார். முனிராஜ் தலையைச் சொறிந்தார். விரோதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு வசதி இல்லை. நின்றிருந்தவர்களில் யாரோ, “அந்த உமேஷ் பையன் போன வாரம் சண்டை போட்டுக்கினு போனானே” என்றார்கள்.

உமேஷ் முனிராஜிடம் இரண்டு வருஷம் சீட்டு தைத்தவன். இருபத்திரண்டு வயது. ஒரு ரெக்ஸினைத் தப்பாக வெட்டிவிட்டான் என்று முனிராஜ் கத்த, “உன் பட்டறை உருப்படாது” என்று கத்திரிக்கோலைப் போட்டுவிட்டுப் போனவன். போகும்போது சொல்லும் சொல்தான். நாம் எல்லாரும் எத்தனை ஆபீஸ்களைப் பார்த்து அதைச் சொல்லியிருப்போம்? எல்லாம் எரிந்தா போய்விட்டன?

“அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்” என்றார் முனிராஜ்.

“நாம அப்படிப்பட்டவன்னு சொல்லப் போறதில்லை. சந்தேகப்படும் நபர்னுதான் போடப் போறோம். மிச்சம் போலீஸ் பார்த்துக்கும். உருப்படாதுன்னு சொல்லியிருக்கான் பாருங்க, அது இன்டென்ஷன். எண்ணம். தீ கேஸுக்கு எண்ணம்தான் உயிர்.”

புகாரை அவரே எழுதினார். ஆங்கிலத்தில். கொட்டகையை ‘கட்டடம்’ என்றும், நார்க் கட்டைக் ‘கச்சாப் பொருள் இருப்பு’ என்றும், உமேஷை ‘முன்விரோதம் கொண்ட நபர்’ என்றும் எழுதி, முனிராஜைக் கையெழுத்துப் போடச் சொல்லி, தானே ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் சப் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, முப்பத்தாறு ஏன் பொருந்தும் என்று கால் மணி நேரம் விளக்கிவிட்டும் வந்தார். வீடு திரும்பியபோது அவருக்கு நல்ல பசி. இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. கேஸ் நடக்கும்போது பொம்மசந்திராவில் நட்டு எண்ணிக்கொண்டிருக்க மனம் வருமா? கேஷுவல் லீவு சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் முத்தம்மா வந்தாள்.

முத்தம்மா உமேஷின் அம்மா. ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸில் ஹெல்ப்பர். வேலைக்குப் போகும் உடுப்பிலேயே, டிபன் டப்பாவோடு வந்து நின்றாள்.

“சார், நீங்கதான் சட்டம் தெரிஞ்சவருன்னு சொன்னாங்க. காத்தாலே எம்பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு பூட்டாங்க. முனிராஜண்ணன் கடைக்கு நெருப்பு வெச்சான்னு யாரோ எழுதிக் குடுத்துட்டாங்களாம். அவன் ஞாயித்துக்கெழமை என்கூட சந்தாபுராலே இருந்தான் சார். எங்க அக்கா பொண்ணு நிச்சயம். காத்தாலே மொத பஸ்ஸுக்கே போயிட்டோம்.”

எழுதிக் கொடுத்த ‘யாரோ’ தொண்டையைச் செருமினார். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? ‘ஐயோ, தப்பாகிவிட்டதே’ என்று சட்டையை மாட்டியிருப்பான். ஆனால் யாராவது சட்டம் கேட்டுவிட்டால் நம் இனத்துக்கு வேறெதுவும் காதில் விழாது.

“அது அலிபி, அந்த நேரத்துல வேற இடத்துல இருந்தான்கறது” என்றார் சந்தோஷமாக. “நல்ல டிஃபன்ஸ். ஆனா ப்ரூவ் பண்ணணும். சட்டம் என்ன சொல்லுதுன்னா முத்தம்மா, நூறு ரூபாய்க்கு மேல எரிஞ்சா ஏழு வருஷம். கட்டடம்னு வந்துட்டா ஆயுள்.”

முத்தம்மா படியில் உட்கார்ந்தாள். டப்பா கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

“ஏழு வருஷமா சார்?”

“மேக்ஸிமம்” என்றார் அனந்தபத்மநாபன், ஏதோ சலுகை கொடுப்பதுபோல.

சொர்ணம் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து முத்தம்மா கையில் பிடிக்கவைத்தாள். டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். “நீ ஸ்டேஷனுக்குப் போம்மா, பையன் பக்கத்துல இரு. இவரை நான் அனுப்பறேன்” என்றாள். முத்தம்மா தெரு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கணவரிடம் ரொம்பச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“என்னங்க, நேத்து மார்க்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இலையைக் கூட்டிக் கொளுத்தினீங்களே, அணைச்சீங்களா?”

பிப்ரவரி மாதம் பெங்களூரில் புங்க மரங்கள் இலையைக் கொட்டித் தீர்க்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலைக் கூட்டிக் கொளுத்துவது அனந்தபத்மநாபனின் வழக்கம். அன்று மல்லிகைச் செடிக்குச் சூடு படுமே என்று குவியலை விளக்குமாற்றால் தள்ளிச் சுவரோரம் ஒதுக்கினார். அந்தப் பக்கம் முனிராஜின் தார்ப்பாய். நெருப்பு நன்றாகப் பிடித்ததையும் அவர் பார்த்தார். அணைத்ததைப் பார்த்ததாக நினைவில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

அன்று அவர் அந்தப் புத்தகத்தை வாசித்ததுபோல் எந்த வக்கீலும் வாசித்திருக்க மாட்டார். நேற்றுவரை அது பிறருக்காக எழுதப்பட்ட புத்தகம். ‘நஷ்டம் உண்டாக்கும் எண்ணத்துடன்’ என்று இருந்தது. எண்ணம் இல்லை. அப்பாடா. கீழே, ‘உண்டாகக்கூடும் என்று தெரிந்தும்’ என்றும் இருந்தது. தெரியுமா? தார்ப்பாய் பக்கத்தில் நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்று ஐம்பதை நெருங்கும் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசருக்குத் தெரியாதா? சரி, எண்ணத்தில் அகப்பட்டுக்கொண்டாலும் தொகையில் தப்பலாம் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு முனிராஜிடம் ஓடினார்.

முனிராஜ் கரியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“முனிராஜ், அந்த ரெக்ஸின் பழசுதானே?”

“புதுசு சார். பிரிக்கவே இல்ல.”

“பழசா இருந்தா தேய்மானம் கழிக்கணும். ஃபோம்?”

“அதுவும் புதுசுதான். ஏன் சார்?”

“இல்ல, சட்டப்படி பார்த்தா நஷ்டம் நூறு ரூபாய்க்குள்ள வருமான்னு பாக்கறேன்.”

முனிராஜ் துடைப்பத்தை நிறுத்தினார். “நேத்து நாலாயிரத்தைப் பன்னெண்டாயிரம்னு எழுதச் சொன்னீங்க. இன்னிக்கு நூறுங்கிறீங்க. ராத்திரில என்ன சார் ஆச்சு?”

“நார் இருக்கே, அதுவாவது மலிவுதானே?” என்று கேட்டுக்கொண்டே வந்த அனந்தபத்மநாபன் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். நார் தேங்காயிலிருந்து வருவது. தேங்காய் விவசாய விளைபொருள். விளைபொருளுக்குத் தீ வைத்தால் நூறு ரூபாய்கூட வேண்டாம், பத்து ரூபாய் போதும் என்று அதே செக்ஷனில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் அவரே. தொழிற்சாலை கேன்டீனில் எத்தனையோ பேருக்குப் பெருமையாக எடுத்துச் சொன்னவரும் அவரே. அப்படியே திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தார்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் புரட்டினார். கடைசியில் அகப்பட்டது, இருநூற்றி எண்பத்தைந்து. நெருப்பைக் கையாளுவதில் அஜாக்கிரதை. ஆறு மாசம், அல்லது ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது இரண்டும். ஆறே மாசம்! புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆயுளிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து ஆறு மாசத்துக்கும் ஒரே காலையில் தன்னைத் தானே இறக்கிக்கொண்டுவிட்டாரே, எப்பேர்ப்பட்ட வாதத் திறமை!

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு ஆறு மாசத்தை நினைத்துப் பார்த்தார். காலையில் எழுந்து சொர்ணத்தின் காபி இல்லாமல், பொம்மசந்திராவுக்கு யாரோ ‘அனந்தபத்மநாபன் உள்ளே இருக்கார்’ என்று சொல்லியனுப்பி, தெருவில் எல்லாரும் குசுகுசுவென்று பேசி... ஆறு மாசம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பையனுக்கு ஏழு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தபோது அது ஒரு மூச்சில் முடிந்துபோயிருந்தது.

“ஒரு நல்ல வக்கீலைப் பார்த்து முன்ஜாமீன்...” என்று ஆரம்பித்தார்.

சொர்ணம் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “அந்தப் பையன் காலையிலேர்ந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். சாப்பிட்டானோ இல்லையோ. நீங்க வரீங்களா, நானே போய்ச் சொல்லட்டுமா?”

“நீ எப்படிச் சொல்லுவே? புருஷனுக்கு எதிரா பெண்டாட்டி சாட்சி...”

“வாயை மூடிக்கிட்டு வாங்க” என்றாள் சொர்ணம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு எந்தச் செக்ஷனும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஸ்டேஷனில் உமேஷ் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை; உட்காரவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாற்பது வயதுக்காரன்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் முத்தம்மா. டப்பா திறந்திருந்தது. சோறு அப்படியே இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் அனந்தபத்மநாபனைப் பார்த்ததும் களைப்போடு பேனாவை வைத்தார். கன்னடக்காரர்; தமிழ் புரியும், பேசவும் வரும். “பன்னி, வாங்க சார், உட்காருங்க. முப்பத்தாறுக்கு மேல இன்னும் ஏதாவது செக்ஷன் இருக்கா?”

அனந்தபத்மநாபன் உட்காரவில்லை. “சார், இந்தச் சம்பவத்துல நானூத்தி முப்பத்தஞ்சு, முப்பத்தாறு ரெண்டும் பொருந்தாது. எண்ணம் இல்லை. இருநூத்தி எண்பத்தஞ்சுதான். அஜாக்கிரதை. ஆறு மாசம், அல்லது...”

“நேத்து ஆயுள். இன்னிக்கு ஆறு மாசமா? நாளைக்கு வாங்க, இன்னும் குறைஞ்சுடும்.”

பின்னால் நின்ற சொர்ணம் அவர் முழங்கையை ஒரு தள்ளு தள்ளினாள்.

“நான்தான் சார்” என்றார்.

“ஏனு நீவு? என்ன நீங்க?”

“நான்தான் இலை கொளுத்தினேன். சுவரோரம். அணைக்காம மார்க்கெட்டுக்குப் போயிட்டேன்.”

இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல அவருக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. சட்டம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். உமேஷ் தலையைத் தூக்கிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தார். திட்டவில்லை. யார் இந்த ஆள் என்று அடையாளம் பிடிக்கப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

முத்தம்மாதான் கேட்டாள். குத்திக்காட்டவில்லை. கேலி செய்யவுமில்லை. காலையில் அவர் சொல்லியிருந்தாரே, நெருப்பு என்றால் இத்தனை வருஷம் என்று. பக்கத்தில் சொர்ணம் நிற்கிறாள், தனக்குக் காபி கொடுத்தவள். அந்தப் பதற்றத்தில் கேட்டாள்.

“அப்போ உங்களுக்கு எத்தனை வருஷம் சார்?”

தெருவில் யார் எதைக் கேட்டாலும் எண் சொன்ன வாய் அது. அன்று அதிலிருந்து எண் வரவில்லை.

முனிராஜைக் கூப்பிட்டனுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில், “நீங்களா சார்?” என்றார். பிறகு, “நூறு ரூபாய்க்குள்ள வருமான்னு கேட்டது இதுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டார். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. தனக்கு யார் மேலும் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தார், இந்தத் தடவை சொந்தக் கையால், கன்னடத்தில், இரண்டே வரி. நஷ்டத்தைக் கட்டிவிடுவதாக அனந்தபத்மநாபன் சொன்னபோது, “புகார்ல பன்னெண்டாயிரம் இருக்கு, நீங்களே எழுதினது” என்று சப் இன்ஸ்பெக்டர் ஞாபகப்படுத்தினார். அனந்தபத்மநாபன் வெளிறிப்போனார்.

“நாலாயிரம்தான் சார்” என்றார் முனிராஜ். “எரிஞ்சது அவ்வளவுதான்.”

உமேஷைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட முனிராஜ் அவன் வீட்டுக்கே போனார். அவன் வரவில்லை. பொம்மசந்திராவில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தான். காலை பஸ்ஸில் அனந்தபத்மநாபனும் அவனும் ஒரே படியில் தொங்கிக்கொண்டு போக நேரும். அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவர் பேச ஆசைப்படுவார். ஆனால் ‘மன்னிச்சுடு’ என்ற சொல்லை எந்தப் பிரிவின் கீழ் ஆரம்பிப்பது என்று தெரியாமல், பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப், சில்க் போர்டு ஸ்டாப் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டுப் பொம்மசந்திராவே வந்துவிடும். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் சொன்னாராம். உமேஷ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனானாம்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக முடியும். ஆனால் நம் இனத்தை உங்களுக்குத் தெரியாதா? ஆறே மாதத்தில் கேன்டீனில் இதே சம்பவத்தைத் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி சொல்ல ஆரம்பித்தார். ‘பத்து ரூபாய் நார்’ வரும் இடத்தில் மேஜையைத் தட்டுவார்கள். முதலில் தன்னை முட்டாள் என்றுதான் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்ல முடிவு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கடைசியாக நான் கேட்டபோது, “போலீஸுக்கே தெரியாத செக்ஷனை எனக்கு எதிரா நானே கண்டுபிடிச்சுக் குடுத்தேன் சார், எந்த வக்கீல் செய்வான்?” என்று முடித்தார். முத்தம்மா கேட்ட கேள்வி மட்டும் அவர் சொன்ன எந்தத் தடவையிலும் வரவில்லை. அதை நான் சொர்ணம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்று வந்த இடத்தில், அவன் சாப்பிட்டானா என்ற கவலை உங்களுக்கு முதலில் வந்ததா? அல்லது, தகரக் கொட்டகை சட்டப்படி கட்டடம் ஆகுமா ஆகாதா என்று மனசுக்குள் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்ததா?

இரண்டாவதுதான் என்றால் வெட்கப்படாதீர்கள். இதை எழுதும்போது சரியாக அந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டுப் புத்தகம் புரட்டப் போனவன் நான். மேலே தார்ப்பாய் என்பதால் ஆகாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?